கோபி பிரியாணியும் ஒரு ஜோடிச் செருப்பும்

கட்சால் தீவில் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

ஐஸ் பெட்டியைத் திறந்து பிரியாணியைத் தேட வேண்டாம். இந்தக் கப்பலில் கடிதம் மட்டும்தான். போனில் கத்தினால் நெட்வொர்க் இல்லை என்று வைத்துவிடுவீர்கள்.

உங்கள் ஆபீஸ் பியூனின் மனைவி ராஜகுமாரி, அங்கிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவள், நேற்று நம் வீட்டுக்கும் வந்தாள். "அக்கா, நீங்க அனுப்புற கோபி பிரியாணிக்கு எங்க வீட்டுப் புள்ளைங்க அடிச்சுக்குதுங்க. சார்தான் பாவம், எல்லாத்தையும் எங்களுக்குக் குடுத்துட்டு வெறும் சோறும் மீன் குழம்பும் சாப்பிடுறாரு" என்றாள்.

பாவமாம்!

மெயின்லேண்ட் கப்பல் வந்தால்தான் இங்கே கோபி. மார்க்கெட்டில் சண்டை போட்டு வாங்கி, அரிசிக்குப் பதிலாக அதை அரிசி அளவுக்குத் துருவி, துணியில் பிழிந்து, சீரகச் சம்பா மாதிரி உதிர வேண்டுமென்று தம் போட்டேன். கோபி இல்லாத வாரம் பச்சைப் பப்பாளியைத் துருவினேன். "சோறு மாதிரியே இருக்குடி" என்று போனில் சொன்னீர்களே, எந்த வாயால் சொன்னீர்கள்?

உங்களோடு சேர்ந்து நானும் சோற்றைத் தொடவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை. பைத்தியம்தான் இருக்கிறது.

உங்கள் கால் விரலை எடுத்த அன்று டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதமாட்டேன்.

நீங்கள் கேட்ட செருப்பை வாங்கிவிட்டேன். அடுத்த கப்பலில் துருவியோடு நானே கொண்டுவருகிறேன். கடையில் ஒற்றைச் செருப்பு விற்பதில்லை. நான் வரும்வரை இரண்டு காலையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
டெலானிபூர்