மதியம் இறங்கும் ஷட்டர்

நவம்பர் 10, திங்கள்
காலையில் மழை. பிறகு ஒரே புழுக்கம். பிளவுஸ் பிட் வந்துவிட்டது. லைனிங் துணி இன்னும் கப்பலில்.

ஊரின் மறுகோடி டாலிகஞ்சிலிருந்து அண்ணி போன். "எங்க பக்கத்துக் கடை காலியாகுது கலா. சனிக்கிழமைக்குள்ள சொல்லிரு. பஜாருக்கு இப்ப யாரு வர்றா? எல்லாம் மொபைல்லயே வாங்குறாங்க." யோசிக்கிறேன் என்றேன். இந்த பஜார் கடையை விட மனசே இல்லை. ஆனால் வியாபாரம்?

மாலை, வியாபாரிகள் சங்கக் கூட்டம். நான் செயலாளர், பெரும்பாலும் டீ சொல்லும் வேலை. பஜாருக்குக் கூட்டத்தைத் திரும்ப வரவழைப்பது எப்படி? சீரியல் லைட், அலங்கார வளைவு, லக்கி டிரா. தலைவர் தாஸ்தா (எதிர் செருப்புக்கடை) வளைவுக்குக் கலரே முடிவு செய்துவிட்டார். போனவர்கள் ஏன் போனார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் குடைகிறது.

நவம்பர் 11
சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. சங்க விதிப்படி ஒரு மணிக்கு எல்லா ஷட்டரும் இறங்கியாக வேண்டும். மறுபடி நாலுக்குத்தான். மீறினால் அபராதம். பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஆச்சரியம். வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்தேன். மூடிய கடைப் படியெல்லாம் ஆட்கள்! பை, குழந்தை, ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலையாம்.

"காலை போட்ல டாக்டர பாக்க வந்தேன்க்கா. பாத்து முடிக்கிறப்ப துகான் எல்லாம் பந்த். நீங்க திறக்கிறதுக்குள்ள போட் போயிரும்."

"அப்ப துணிமணி?"

"மொபைல்லதான். மெயின்லேண்ட்லேர்ந்து வரதுக்குள்ள போதும்போதும்னு ஆயிரும். அளவும் சேராது. க்யா கரேன், என்ன பண்றது?"

நாங்கள் திறக்கும்போது அவர்கள் கடலில். ஐந்துக்கெல்லாம் இங்கே இருட்டு. யாருக்கு லைட் போடப் போகிறோம்?

நவம்பர் 12
தாஸ்தாவிடம் சொன்னேன். சிரித்தார். "கானா, ஸோனா, ஃபிர் துகான், கலா ஜி!" சாப்பாடு, தூக்கம், பிறகுதான் கடையாம். எரிச்சலாக வந்தது. அவர் தூக்கத்தில் கைவைக்க முடியுமா?

குடை ரிப்பேர். மறக்கக் கூடாது.

நவம்பர் 14, வெள்ளி
ஒரு மணி. ஷட்டரை இறக்கவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டேன், குடிக்கத் தண்ணீர் வைத்தேன். பிளவுஸ் பிட் மளமளவென்று போனது.

தாஸ்தா பனியனும் லுங்கியுமாக, தூக்கம் கலைந்து. "துகான் குலா ஹை? ஃபைன் லகேகா!" கடை திறந்திருக்கா, அபராதம் விழுமாம்.

ஸ்டூலில் இருந்த பெங்காலிப் பெரியவர் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி, எதிர்க்கடை எப்போது திறக்கும் என்று அவரிடமே கேட்டார்.

"சார் பஜே," நாலு மணி என்றார் தாஸ்தா.

அதற்குள் போட் போய்விடுமே என்றார் பெரியவர்.

தாஸ்தா அந்த வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லுங்கி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். எதிரே ஷட்டர் ஏறும் சத்தம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

'வரலை அண்ணி' என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

எதிர்க்கடையிலிருந்து தாஸ்தா கத்துகிறார், முதல் அபராதம் யார் பேரில் என்று. சங்கத்து ரசீதுப் புத்தகத்தைக் காணோம் என்றேன். மேஜையில்தான் இருக்கிறது.