தாமதமாக விழுந்த சத்தம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று சின்னவள் சொல்கிறாள். அவள் பிறந்ததிலிருந்தே உங்கள் கட்சி. அதனால் உங்கள் கையால் நாலு வரி வந்தால்தான் நம்புவேன். அவள் வீட்டில் சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறதா, மாப்பிள்ளை உங்களோடு உட்கார்ந்து பேசுகிறாரா, அதையும் எழுதுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் ஓடுகிறது. ஜனங்கள் சிரிக்கிறார்கள். இனி மூச்சு விடலாம். மீதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன தடவை நான் தொண்டை கிழியக் கேட்டதற்கெல்லாம் நீங்கள் "சரி சரி" என்றீர்கள். எதற்குச் சரி சொன்னீர்கள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எதிர்வீட்டு அம்மா மட்டும் மறுநாள் என்னை நிறுத்தி, சாருக்கு இப்போது வயிறு தேவலையா என்று விசாரித்தார். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

டாக்டர் நாள் குறித்துக் கொடுத்ததை நீங்கள் மறுபடி தள்ளிப்போட்டீர்களாமே. காதுக்குள் இறுகிப்போன குட்டி எலும்பை மாற்றினால் வலது காது திரும்பிவிடும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்கிறார். நீங்களோ படம் வரட்டும் என்கிறீர்கள். ரயில் ஏறும்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒருத்தன், ஒரே ஒருத்தன் சத்தம் ஒட்டலைன்னு சொன்னாக்கூட நான் தொழிலை விட்டுடுறேன். தொழில் இல்லாதவனுக்குக் காது எதுக்கு?" என்றீர்கள். பதில் என் வாய்வரை வந்தது. ரயில் நிலையத்தில் வைத்துக் கத்த வேண்டாமே என்று அடக்கிக்கொண்டேன். போய்ப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுவதாகச் சைகையில் சத்தியம் செய்துகொடுத்தேன். இதோ எழுதுகிறேன்.

முதல் நாளே போனோம், நானும் உங்கள் தங்கையும். அவளை ஏன் அழைத்துப் போனாய் என்று கேட்காதீர்கள். தனியாகப் போயிருந்தால் பாதியில் எழுந்து ஓடிவந்திருப்பேன். உங்கள் காது விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது, பயப்பட வேண்டாம். உங்கள் தொழிலே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நடக்கிறவன் காலே சத்தம் போடாதா, அதற்கு எங்கள் அண்ணன் எதற்கு என்று கியூவில் நின்றபடி கேட்கிறாள். படத்தில் யார் நடந்தாலும், விழுந்தாலும், கதவைத் திறந்தாலும் உன் அண்ணன்தான் ஓர் அறைக்குள் நின்று நடக்கிறார், விழுகிறார், கதவைத் திறக்கிறார் என்றேன். இந்த வயதில் அவரை விழவிடுகிறாயா என்று என்மேல் பாய்ந்தாள்.

கடைசி வரிசையில் சுவரோரமாக இடம் கிடைத்தது. விளக்கு அணைந்தது, திரையில் படம் தொடங்கியது. குண்டனும் ஒல்லியும் கண்ணாடி பீரோவை ஓட்டை வேன்மேல் ஏற்றிக் கட்டுகிறார்கள். அதைத் தேசத்தின் மறுகோடியில் இருக்கும் வருங்கால மாமனார் வீட்டில் உடையாமல் சேர்த்தால்தான் குண்டனுக்குக் கல்யாணம் என்று கதை. பீரோக் கதவு முதல் தடவை கிறீச்சிட்டதும் நம் சமையலறையில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. எண்ணெய் விடக்கூடாது என்று மாதக்கணக்காகத் தடை போட்டு, ஒருநாள் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அந்த அலமாரிக் கதவு. முன்வரிசையில் ஒருவர், படத்திலேயே அந்த பீரோதான் நன்றாக நடிக்கிறது என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. படம்தான் வந்துவிட்டதே என்று நேற்று அந்தக் கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அறை விழுகிற சத்தமெல்லாம் பிரமாதம். உங்கள் முதுகில் நான் போட்ட அறைகளாயிற்றே. எது சரியாக விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாததால் என்னையே அடிக்கச் சொன்னீர்கள், நானும் மனதார அடித்தேன். குண்டன் ஒல்லியைச் சாத்தும்போதெல்லாம் அரங்கமே அதிர்ந்தது. கட்டிய புருஷனை அடித்து இத்தனை பேரைச் சிரிக்கவைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது மதில் காட்சிக்கு வருகிறேன். ஒலிப்பதிவு நடந்த அன்றைக்கு உங்களிடம் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது.

வளைவில் வேன் திரும்பும்போது பீரோவைப் பிடித்திருந்த ஒல்லி மட்டும் எகிறி மதிலுக்கு அந்தப் பக்கம் போவான். அவன் விழுவது திரையில் தெரியாது, குண்டனின் முகம்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் உங்களுக்கு யார் தயவும் வேண்டியதில்லை. இது தெரியாத விழுகை. படப்பிடிப்பில் பதிந்த சத்தத்தைக் கேட்டு அதே கணத்தில் குதிக்க வேண்டும். அதை நான் கேட்டு விரலை ஆட்டுவது, நீங்கள் முக்காலியிலிருந்து ஈர மணல் மூட்டைமேல் குதிப்பது என்று ஏற்பாடு. டிபன் கேரியரோடு வந்த பெண்டாட்டி ஏன் திரைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள், கையைத் தூக்கினால் நீங்கள் ஏன் பலமாக மிதிக்கிறீர்கள், இறக்கினால் ஏன் மெதுவாக மிதிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் மேல் அத்தனை பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு என் விரல் தாமதமாகத்தான் ஆடியது. நண்பன் பறந்துபோவதைப் பார்த்துக் குண்டன் விழித்த விழியில் நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நம் சோடாபுட்டியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அப்புறம் சத்தத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் அக்கா என்றான். நீங்களோ மணலைத் தட்டிக்கொண்டே, சரியா என்று கண்ணாலேயே கேட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வேன்? கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டேன்.

ஆனால் யாரும் நகர்த்தவில்லை என்பது அரங்கத்தில்தான் தெரிந்தது. ஒல்லி மதிலைத் தாண்டிப் போய்விட்டான், சத்தம் வரவில்லை. அரங்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த வாய்கள்கூட அடங்கிவிட்டன. போச்சு, எல்லாம் போச்சு, என் ஒரு சிரிப்பால் இந்த மனுஷன் காது போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். குண்டன் பாவம், திரையில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் தொப்பென்று விழுந்தது.

அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவேன். உங்கள் தங்கை குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு கனத்த மனிதர் மூச்சு விட முடியாமல் முன் நாற்காலியைக் குத்துகிறார். அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை. நான் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சொன்னால் என்ன, நன்றாக அழுதேன்.

இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே செருப்பைத் தொலைத்தவள்போலக் குனிந்து நின்றுகொண்டு, இறங்கி வந்தவர்கள் பேசியதையெல்லாம் ஒட்டுக்கேட்டேன். ஹெல்மெட்டோடு வந்த ஒருவர், முதல் பாதி இழுவை என்றார். கதையே இல்லை, ஆனாலும் இன்னொரு தடவை வரலாம் என்றார் ஒரு பெரியவர். மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டிய படம் என்றார் ஒருவர். அவர் வீட்டுக்காரி, நீங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்றாள். காலேஜ் பெண்கள் இருவர், படம் முழுக்க ஒரு பொம்பளைக்கும் நாலு வசனம் சேர்ந்தாற்போல இல்லையே என்றார்கள். அது நியாயம்தான், எனக்கும் பட்டது. உங்கள் தங்கைக்கு, அத்தனை தூரம் வண்டி ஓட்டியும் அந்த இரண்டு பேரும் ஒருவேளைகூடச் சாப்பிடவில்லையே என்று வருத்தம்.

நடிப்பைச் சொன்னார்கள், பாட்டைச் சொன்னார்கள், இருக்கையில் மூட்டைப்பூச்சி என்றுகூடச் சொன்னார்கள். சத்தத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்தால், ஒருவர் மைக்கை நீட்டி எல்லோரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்துக்கும் நீட்டினார். சத்தமெல்லாம் எப்படித் தம்பி இருந்தது என்று நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சத்தமா? நான் கவனிக்கவே இல்லையேம்மா" என்றார். நீங்கள் வாழ்நாள் முழுக்க வாங்க நினைத்த பெயர் இதுதானே. அவருக்கு நூறு ஆயுசு கொடுக்க வேண்டும்.

வாசல் படியில் ஒரு சின்னப் பெண் தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குதித்தாள். குதித்துவிட்டு ஒரு கணம் பேசாமல் நிற்கிறாள், பிறகு வாயால் "தொப்" என்கிறாள். அவள் இறங்கி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்குப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

இத்தோடு கடிதத்தை முடித்து உறையில் போட்டு ஒட்டத்தான் போனேன். அதற்குள் டைரக்டரிடமிருந்து போன். ஆகவே பிரித்துத் தொடர்கிறேன். இனி எழுதுவதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படுவதானால் தாராளமாகப் படுங்கள்.

மதில் காட்சியில் சத்தத்தைத் தள்ளி விழவைத்தது யாருடைய யோசனை என்று கேட்டார். கடைசியாக எல்லா ஒலியையும் சேர்க்கும்போது அவரே அதைச் சரியான இடத்துக்கு நகர்த்திப் பார்த்தாராம். சிரிப்பே வரவில்லையாம். யாரும் தொடக்கூடாது என்று சொல்லித் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாராம். எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் யோசனைதான் என்றேன். புருஷனுக்கு வருகிற பெயரைக் கெடுக்க நான் யார்.

பிறகு போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னார். குளிக்கிறார் என்றேன். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் காலையில் கூப்பிட்டபோதும் நீங்கள் குளியலறையை விட்டு வெளியே வந்தபாடில்லை. அவர், அண்ணனுக்கு என்மேல் ஏதாவது வருத்தமா அக்கா, வேலை செய்த இடத்தில் யாராவது மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டார்களா என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது. நல்ல மனுஷனை இப்படித் தவிக்கவிடுகிறோமே என்று எனக்குத் தாங்கவில்லை.

சொல்லிவிட்டேன். காது கேட்காததைச் சொன்னேன், டிபன் கேரியரைச் சொன்னேன், என் விரலைச் சொன்னேன். அந்தத் தாமதம் யோசனை இல்லை, நான் சிரித்ததால் வந்தது என்பதையும் சொன்னேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று நீங்கள் கட்டிக்காத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

பிறகு அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "அண்ணன் காது சரியாகி வரட்டும்க்கா. சரியாகலைன்னாலும் வரட்டும். நீங்க கூட வந்து நில்லுங்க. அடுத்த படத்துக்கு நான் வேற ஆளு பார்க்கல."

மறுபடி படியுங்கள். சரியாகாவிட்டாலும் வரட்டும் என்றிருக்கிறார். இருக்கிற கொஞ்சநஞ்சமும் ஆபரேஷனில் போய்விட்டால் என்ன செய்வது என்று நீங்கள் பயந்தது எனக்குத் தெரியாதா? தொழில் ரோஷம் என்று வெளியே சொன்னீர்கள், உள்ளே இருந்தது பயம். இனி அது வேண்டாம். காது வந்தாலும் வேலை உண்டு, வராவிட்டாலும் உண்டு, நானும் உண்டு. டாக்டரிடம் போய் நாள் வாங்குங்கள். எந்தத் தேதி என்று சின்னவளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முந்தின நாளே அங்கே வந்து நிற்பேன். சாவியை உங்கள் தங்கையிடம் கொடுத்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. வெகுநாளாக நான் உங்களிடம் கத்தக்கூடியதை மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். சாப்பிட வாருங்கள், கதவைச் சாத்துங்கள், பால் பொங்குகிறது. கத்திச் சொல்ல முடியாத பேச்சும் ஒரு பெண்டாட்டிக்கு இருக்கும். எதிர்வீட்டு அம்மாவுக்குக் கேட்கவேண்டிய பேச்சு இல்லை அது. எழுதலாம் என்று இப்போது பேனாவை எடுத்துப் பார்த்தேன், இந்த வயதில் கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொல்ல முடியும். எனக்காக அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி