பதினேழாம் எண்ணின் காது

சாவோ பாவுலோ, ஜூன் 1975

அம்மா, முதலில் உங்கள் ஆசியைக் கொடுங்கள். கால் வீக்கம் வடிந்ததா? இங்கே குளிர் அதிகம். மற்றபடி நான் நலம்.

ஆய்வகத்தில் எனக்கு முயல் பிடிக்கும் வேலை. மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொன்று முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறும். இங்கே காய்ச்சலில் விழும் குழந்தைகளைத் தாக்கியது எந்த வகைக் கிருமி என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வாராவாரம் சோதனைக்கு இரத்தம் எடுக்கும்முன் நான் காதைத் தேய்த்துச் சூடாக்குவேன், நரம்பு புடைக்கும். பதினேழாம் எண் முயல் என்னைக் கண்டாலே காதை நீட்டும்.

செவ்வாயன்று எங்கள் ஆய்வக டாக்டர் எவான்ட்ரோ சோதனை முடிவைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"இராசில்டா, பதினேழு ஜெயிச்சிடுச்சு! இப்படி ஒரு இரத்தத்த நான் பார்த்ததே இல்ல. மொத்தமா எடுத்துடலாம். நீயே பிடிம்மா, உன் கைக்குத்தான் அது அடங்கும்."

மொத்தமாக எடுத்தால் முயல் பிழைக்காது. மயக்க ஊசி வேலை செய்யும்வரை அது என் உள்ளங்கையில் காதை வைத்திருந்தது. நான் அழவெல்லாம் இல்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மரவள்ளி மாவு கொடுத்தனுப்புங்கள். பருத்தி நூலில் ஒரு ஜோடி கையுறையும் பின்னுங்கள், தடிமனாக. குளிருக்கு இல்லை. திங்களன்று புது முயல்கள் வருகின்றன. என் கைச்சூடு அவற்றுக்குப் பழகிவிடக் கூடாது.

நிறுத்தத்தில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
இராசில்டா