வராதவர்களின் பட்டியல்

ஏப்ரல் 16, 2024 – செவ்வாய்

வட்டச் செயலாளர் வெற்றி அண்ணன் வீட்டுக்கே வந்து, வெள்ளிக்கிழமை பூத் ஏஜென்ட்டாக உட்காரச் சொன்னார். சத்துணவுக் கூடத்து வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். எப்படி மறுப்பது? சரி என்றேன்.

பக்கத்து வீட்டு ரமாபாய் அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "இந்த வாட்டி நான் வர்ல எழிலு" என்றாள். டிசம்பர் வெள்ளத்தில் அவள் வீட்டுக்காரர் லோகநாதன் மாமாவுக்கு நெஞ்சுவலி. வியாசர்பாடி முழுக்கத் தண்ணீர். யார் யாருக்கோ போன் செய்தோம். மறுநாள் காலைதான் படகு வந்தது, உடலை எடுத்துப்போக.

"எவனுக்கும் போடமாட்டேன். உங்கையில மட்டுந்தான் சொல்றேன்."

ஏப்ரல் 19 – வெள்ளி

ஓட்டுப்போட வருகிறவரின் பெயரை அதிகாரி சத்தமாகப் படிப்பார், நான் என் பட்டியலில் டிக் அடிப்பேன். யாருக்குப் போட்டார்கள் என்பதுதான் ரகசியம். வந்தார்களா என்பது இல்லை.

மூன்று மணிக்கு வெளியிலிருந்து வெற்றி அண்ணன் சேதி: வராதவர்களின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி அனுப்பு. நாற்பத்தொரு பேர். அக்கா பெயரில் பேனா நின்றது. விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? எழுதிவிட்டேன். பயமா? அந்த வேலையா?

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். "ரமாபாய், கணவர் லோகநாதன்" என்று அதிகாரி படித்தார். நான் தலை நிமிராமல் டிக் அடித்தேன்.

ஏப்ரல் 20

மாடிவீட்டு மரியம் சொன்னாள்: "நேத்து அக்கா வாசல்ல ஆறு பேரு வந்து நின்னானுங்க. இந்த பிளாக்க இடிச்சிக் கட்டப்போறாங்க, புது வூட்டு லிஸ்ட்ல உன் பேரு வோணுமா வோணாவான்னு கேட்டானுங்க. அக்கா செருப்ப மாட்டிகினு போச்சு."

ஏப்ரல் 27

படிக்கட்டில் அக்கா. என்னைப் பார்க்காமல் இறங்கிப்போனாள். தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சா நல்லதுன்னும் கீது, தெரியக்கூடாதுன்னும் கீது. இன்னா ஜென்மம் நான் —

ஜூன் 4

ரிசல்ட். "ஏரியாவுலயே நம்ம பூத்லதான் ஓட்டு ஜாஸ்தி. எல்லாம் உன் லிஸ்ட்டாலதாம்மா" என்று வெற்றி அண்ணன் எல்லார் முன்னாலும் சால்வை போட்டார். வேலையும் உறுதியாம். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 4

மாமாவின் முதல் நினைவு நாள். அக்கா கூப்பிடவில்லை. போனேன். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மாமா படம், முன்னால் மெழுகுவத்தி. உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்.

"அந்த லிஸ்ட்ட எழுதுனது நான்தான்க்கா."

"தெரியும். வாசல்ல நீட்டிக் காட்டுனானுங்களே. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எத்தினி ஃபாரம் எழுதிக் குடுத்துக்கீற."

திட்டவில்லை. டீ கொடுத்தாள்.

மேசைமேல் விதவை பென்ஷன் விண்ணப்பம் இருந்தது. வேறு யாரோ நிரப்பியிருந்தார்கள். மாமா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

"நான் திருத்தித் தரட்டாக்கா?"

அக்கா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். எழுதுனவங்களயே கேட்டுக்கறேன்."