பின் சீட்டில் என் தையல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நானும் பாதியில் மழுப்பிவிடுவேன், அதனால்தான் காகிதம். அப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. கார் எப்படி ஓடுகிறது என்று போன வாரம் கேட்டாயே, அப்பா ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினார் இல்லையா, அந்தக் கதைதான் இது.

நீங்கள் வரும்போது பாப்பாவை அலுங்காமல் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்றுதான் இந்தப் பழைய காரை வாங்கினோம். அப்பா லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய் இன்ஜினைப் பார்க்கச் சொன்னார். கார் வியாபாரி, "ஒரே ஆள் ஓட்டின வண்டி சார், எங்கேயும் இடிச்சது கிடையாது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அப்பா விடாமல், விபத்தில் சிக்காத வண்டி என்று ரசீதிலேயே எழுதி வாங்கினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இருபத்தைந்து வருஷம் பட்டறைக்குக் கார் சீட் தைத்துக் கொடுத்தவள் ஆயிற்றே, என் பங்குக்குப் பின் சீட்டைத் தடவினேன். மேலே புது உறை போட்டிருந்தார்கள், ஓரத்தைத் தூக்கி உள்ளே இருந்த தையலில் ஒரு விரல் அளவு பார்த்துவிட்டு, "நல்ல கை தைச்சிருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொன்னேன். அந்த வாயைத்தான் இப்போது தைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டைக் கழுவாத உன் அப்பா, தினமும் காலையில் காரைக் கழுவித் துடைத்தார்.

மூன்றாவது வாரம், பாப்பாவின் சீட்டை மாட்டக் கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்க்க அந்த உறையை முழுசாகக் கழற்றினேன். நல்ல மத்தியான வெயில், நாலு கதவும் திறந்து கிடந்தன. தையல் முடிகிற இடத்தில் பச்சை நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருந்தது. எந்தச் சீட்டைத் தைத்தாலும் கடைசியில் ஊசியைத் திருப்பி நான் அப்படித்தான் முடிப்பேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய். சாம்பல் நூல் தீர்ந்துபோய்ப் பச்சையில் முடித்தது ஒரே ஒரு சீட்டுக்குத்தான். அது இந்தச் சீட்டேதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் பட்டறை முதலாளி அந்தச் சீட்டைக் கொண்டுவந்து போட்டார். உள்ளே பஞ்சு ஈரமாக இருந்தது, இரண்டு உள்ளங்கை அளவுக்குத் துணியோடு வெட்டி எடுத்திருந்தார்கள். "தண்ணி பட்டுடுச்சும்மா, தெரியாம அடைச்சுத் தைச்சுக் கொடுங்க" என்றார். தண்ணீர் பட்டதற்கு யாராவது வெட்டி எடுப்பார்களா? அதில் வந்தது ரத்த வாடை என்று எனக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. சீட்டின் மடிப்புக்குள் கையை விட்டபோது ஒரு மஞ்சள் கிளிப் வந்தது, குழந்தைகள் தலையில் குத்துகிறது. தூக்கிப் போடக் கை வராமல் என் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன். நீ வெளியூர் கிளம்பிய வருஷம் அதை எடுத்து அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் குத்தப் போனாய், நான் பிடுங்கிக்கொண்டு கத்தினேன், ஒரு கிளிப்புக்கா இந்தப் பாடு என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். காரணம் இதுதான் குட்டிம்மா. அந்தச் சீட்டில் கிளிப்போடு உட்கார்ந்திருந்த குழந்தை பிழைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளியைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பட்டப்பகலில் கூட அந்தக் காரைத் தாண்டிப் போகும்போது, பின் சீட்டில் யாரோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஜன்னல் பக்கம் பார்க்காமல் துணி காயப்போடப் போகிறேன்.

மெக்கானிக் மறுபடி வந்து தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். "பின்பக்கம் மொத்தமும் வெட்டி ஒட்டினதுங்க, இன்னொரு இடி தாங்காது" என்றார். அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகள் வக்கீலாக இருக்கிறாள், அவளிடம் போனோம். "பழைய வண்டின்னா எல்லாத்தையும் பொறுத்துக்கணும்னு இல்லம்மா. தேய்மானம் வேற, தெரிஞ்சே மறைக்கிறது வேற. வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கற உரிமை உங்களுக்கு இருக்கு" என்றாள். இனிமேல் ஓட்டக் கூடாது, எதையும் பழுது பார்க்கக் கூடாது, எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு வியாபாரிக்குக் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும் என்றும் சொல்லி, அவளே கடிதத்தை எழுதிக் கொடுத்தாள். அப்பா எழுதி வாங்கிய ரசீதைப் பார்த்து அவள் பாராட்டியதில் அவருக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை.

கடிதம் கிடைத்ததும் வியாபாரி வீட்டுக்கே வந்தார், தேன் ஒழுகப் பேசினார். "முழுப் பணமும் தந்துடறேன், புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்" என்றார். அப்பா பேனாவைத் தேடப் போனார். எடுத்துப் போய் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "கழுவித் துடைச்சு வித்துடுவேம்மா, சின்னக் குடும்பம் ஒண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். சின்னக் குடும்பம் என்றால் பின் சீட்டில் யார் உட்காருவார்கள்? நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என் மேல் கோபம். "நம்ம பணம் வந்தா போதாதா, நீ தைச்சேன்னு சொன்னா உன்னையும்தான் இழுப்பாங்க" என்றார். வக்கீல் பெண்ணும் அதை ஒளிக்கவில்லை. பழைய விபத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லை, நான் சொன்னால் வழக்கு வலுவாக நிற்கும், ஆனால் நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று என்னையும் கேட்பார்கள் என்றாள். கேட்கட்டும், ஒன்பது வருஷமாக அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று நுகர்வோர் மன்றத்தில் மனு கொடுத்தோம், தீர்ப்பு வரும்வரை அந்தக் காரை யாருக்கும் விற்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறோம். கிளிப்பை ஒரு கவரில் போட்டு அதோடு சேர்த்துக் கொடுத்தேன். பழுதை மறைத்தார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மனுவில் ஓர் இடத்தில் கேட்டிருந்தது. மறைத்துத் தைத்தவள் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை, ஆனாலும் இன்று காலையில் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார், வாயில் வைக்க முடியவில்லை, குடித்தேன். நீங்கள் வரும்போது வாடகைக் காரில்தான் வர வேண்டியிருக்கும், மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். பின் சீட்டில் பாப்பாவுக்குப் பெல்ட்டை நீயே மாட்டு, இழுத்துப் பார். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. பாப்பா தலையில் மஞ்சள் கிளிப் மட்டும் குத்தி அழைத்து வராதே, வேறு எந்த நிறமானாலும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா