காருக்கு வைத்த தகரத் தடுப்பு

என்னங்க,

இப்படித்தானே உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம்? இன்னமும் சமையலறையிலிருந்து பாதி வார்த்தை வாய்க்கு வந்து நின்றுவிடுகிறது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தெலுங்கு ஊரில், நம் குஷாய்குடா வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, உங்கள் பழைய கார் உட்பட. எல்லாரும் விற்கச் சொன்னார்கள், நான் விற்கவில்லை. போன வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதற்கு முன்னால் உங்களை நன்றாகத் திட்ட வேண்டும். இருந்தபோது திட்டியதெல்லாம் சும்மா விளையாட்டு.

அந்தக் காரின் வியாதி உங்களுக்குத்தான் தெரியும். கோடையில் கொஞ்ச தூரம் போனாலே என்ஜினை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் கொதித்துப்போகும். உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நடுரோட்டில் மூச்சை நிறுத்திவிடும். நீங்கள் பானட்டைத் திறந்து பம்பின்மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு ஜுரம் இறங்குமா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஃபேக்டரியிலும் உங்களுக்கு அதே வேலை. கருவிகளைச் சூட்டு அறைக்குள் வைத்து, எந்தப் பாகம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற வேலை.

எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டேன்! “மொதல்ல இந்தச் சூட்டுக்கு ஒரு வழி பண்றேன் கோமதி. நடுவழில நின்னா நீ என்ன பண்ணுவ?” என்பீர்கள். வண்டிதான் முதலில், பெண்டாட்டி அப்புறம்.

அந்த மே மாதம் ஊருக்குக் காரிலேயே போகலாம் என்று லீவு போட்டீர்கள். எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, வளைத்து, புகைக்குழாய்க்கும் பம்புக்கும் நடுவில் தடுப்பாக வைத்தீர்கள். குழாயின் அனல் இனிப் பம்பை எட்டாது என்று எனக்கு விளக்கம் வேறு. மொட்டை வெயிலில் முடித்துவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள்.

“நெஞ்சு எரியுது. வெயில் சூடுதான், மோர் குடு.”

“கை ஏங்க இப்படிப் பிடிச்சுக்கிறீங்க?”

“காலைலேருந்து ஸ்பேனர் புடிச்ச கை. வலிக்காதா?”

நானும் நம்பினேன். மோர் கொடுத்தேன். துண்டை நனைத்துப் பிழிந்து உங்கள் நெஞ்சில் போட்டேன். “இப்ப பரவால்ல” என்றீர்கள். எந்தப் பாகம் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த மனுஷன் ஆயிற்றே, நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

கண் செருகியபோதுதான் தெருவுக்கு ஓடினேன். ஆண்கள் எல்லாரும் ஃபேக்டரியில். பக்கத்து வீட்டு சுசீலா ஆட்டோ தேடி மெயின் ரோட்டுக்கு ஓடினாள். வாசலில் நம் கார் நின்றது. வியாதி தீர்ந்து, சாவியோடு, ஓட்ட ஆளில்லாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா?” அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள்.

காரியம் எல்லாம் முடிந்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு கிளட்சை மிதிக்கிற அழகைப் பார்த்துக் காலனியே சிரித்தது. நம் பெண் தினமும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வண்டியை ஓரம் கட்டி நான் அழும்போதெல்லாம், “நக்கோ அம்மா, சாலு” என்று முதுகைத் தடவுவாள். வேண்டாமாம், போதுமாம். இந்த ஊரிலேயே வளர்ந்தவள், தமிழில் ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. சொன்னாலும் எனக்கு ஆறியிருக்காது.

போன வாரம் மத்தியானம் சுசீலா வீட்டில் சத்தம். அவள் புருஷன் ராவ் காரு வேர்த்துக் கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏம் லேதண்டி, வடதெப்ப” என்றார். ஒன்றுமில்லையாம், வெயில் தாக்கிவிட்டதாம். சுசீலா ஈரத் துண்டோடு வந்தாள். அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். “கார்லோ கூர்ச்சோண்டி!” என்று நான் போட்ட கத்தலில் மனுஷர் மறுபேச்சில்லாமல் வந்து ஏறினார்.

மௌலாலி ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகர்வேனா என்கிறது. என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்று பயந்து நிறுத்தவில்லை. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போகிறது, பின்னால் ராவ் காரு முனகுகிறார். ஒரே ஒரு தடவை என்ஜின் இருமியது. எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் நிற்கவில்லை. கேட் திறந்ததும் பறந்தேன். உங்கள் தகரம் தாங்கிவிட்டது.

அவர் பிழைத்துவிட்டார். “சரியான நேரத்துக்கு வந்தீங்க” என்றார் டாக்டர். சுசீலா என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அக்கா, நீங்கதான் எனக்கு தேவுடு” என்று அழுதாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை. சுத்தமான பொறாமை. நீங்கள் செய்து வைத்த தடுப்பு, நான் கற்ற டிரைவிங், எல்லாம் அவள் புருஷனுக்குப் போய்ச் சேர்ந்ததே என்று வயிறு எரிந்தது. நேற்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரைக்காரியிடம் பேரம் பேசுகிறார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். இப்படி ஒரு கெட்ட மனசா எனக்கு? உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

இருந்தாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெயில் என்று சொன்னாலும், அதை நம்பாமல் காரை எடுப்பேன். அவர்கள் பிழைத்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். ஒவ்வொரு தடவையும் அழுவேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
கோமதி