சிக்னல் இல்லாத ஆறு

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா,
பிப்ரவரி 9

அன்பு மகள் வான்மதிக்கு அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நியூஜெர்சிப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் வெண்பாக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேச வந்தால் பாதி மறந்துவிடுகிறது, அதனால் வரிசை போட்டு எழுதுகிறேன்.
1. சனிக்கிழமை எங்கே போனேன்.
2. ஏன் யாரிடமும் சொல்லவில்லை.
3. உன் பதினோரு மிஸ்டு கால்களைப் பார்த்து எவ்வளவு வருந்தினேன்.
4. கார் சாவி.

போனது வடக்கே மெண்டசீனோ கடற்கரைப் பக்கம் ஒரு சிற்றாற்றுக்கு, மூன்றரை மணி நேரம். ஸ்டீல்ஹெட் என்ற மீன் கடலில் வளர்ந்து மழைக்காலத்தில் ஆற்றுக்குத் திரும்பும், தண்ணீர் குறைந்துவிட்டால் பிடிக்கத் தடை. தடை உண்டா இல்லையா என்று சொல்லும் பதிவுக்குரல் எண்ணுக்குக் காலை ஐந்தரைக்குப் போன் போட்டு இரண்டு தடவை கேட்டேன், தடை இல்லை என்று முதல் தடவையே புரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன். ஒன்றாம் நம்பர் சாலை வளைவுகளில் முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன். ஆற்றோரம் முழுக்கத் தனியார் பண்ணை, கம்பி வேலி. பாலத்தடி வழியாக யாரும் இறங்கலாம் என்று படித்து அச்செடுத்தும் வைத்திருந்தேன், ஆனாலும் தப்பாகப் படித்திருந்தால் என்ற சந்தேகத்தில் அரை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிக்கப் வண்டியில் வந்த ஒருவர் நிறுத்தி, வழி சரிதான், இறங்குங்கள், ஆறு வேலிக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை என்று சிரித்துவிட்டுப் போன பிறகுதான் இறங்கினேன். நாலு மணி நேரம் நின்றும் ஒரு மீன்கூடத் தூண்டிலைத் தொடவில்லை. அங்கே சிக்னல் கிடையாது. வீட்டிலும் போன் அடிப்பதில்லை, அங்கே அடிக்காததற்கு ஒரு காரணமாவது இருக்கிறது.

சொல்லாமல் போனது திட்டமிட்டு அல்ல. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போன காரியம் ஆகாது என்பது நம் வீட்டு வழக்கம், யாரும் கேட்காததால் எனக்குச் சொல்லிப் பழக்கமே இல்லை. உன் அம்மா இருந்தவரை நான் எடுக்கும் பையைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். பக்கத்து வீட்டு ஷ்யாமளா அம்மாவும் நான் ரெயின்கோட்டோடு காரில் ஏறியதைப் பார்த்தார்கள். நீ போனில் விசாரித்தபோது, "கிளம்பற மனுஷரை எங்கேன்னு கேக்கப்படாதேடி, அதான் வாயை மூடிண்டு நின்னேன்" என்றார்களாமே. நீ போலீஸுக்குப் பேச இருந்தாய் என்றும் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் சிக்னல் வந்ததும் போன் விடாமல் அதிர்ந்தது. பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் ஓரம் நிறுத்திப் பார்த்தேன், பதினோரு கால். உன்னைத் தவிக்கவிட்டேனே என்று மிகவும் வருந்தினேன். அன்றைக்குப் போனில் நீ, "அப்பா, இனிமே தனியா டிரைவ் பண்ணாதீங்க, சாவிய ஷ்யாமளா ஆன்ட்டிகிட்ட குடுத்துடுங்க" என்று அழுதாய். நேற்றே கொடுத்துவிட்டேன். தூண்டிலைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பனியில் வண்டி எடுக்கும்போது பின்சீட்டில் ஒரு கம்பளி வைத்துக்கொள்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். வரிசையில் மூன்றாவது தவறு. நான் வருந்தவில்லை. பதினோரு காலின் நேரத்தையும் வரிசையாகப் படித்தேன், பிறகு இன்னொரு முறை படித்தேன், மனது நிறைந்திருந்தது. சாவி இல்லாமல் இனி நான் காணாமல் போக முடியாது அம்மா, சும்மாவே ஒரு தடவை கூப்பிடு.

அன்புள்ள அப்பா,
வேலுமணி